பெரிய ஆட்டம் என்றாலே மகன் தடுமாறுகிறான்... அவனுக்கு மனஉறுதி இல்லையா?

வாசகர் கடிதம், சுருக்கமாக: டெக்சாஸில் வசிக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது, பதினோராம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இரண்டு வருடமாகக் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன். இந்த சீசனில், தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்றுகள் வரை அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. பிளேஆஃப் மூன்றாம் சுற்றில் 31-14 என்று தோற்று வெளியேறினார்கள். அந்த ஆட்டத்தில் மகன் எறிந்த பந்துகளில் மூன்று எதிரணி கையில் சிக்கின (இன்டர்செப்ஷன்). போன வருடமும் பிளேஆஃபில்தான் தோல்வி. “சாதாரண ஆட்டங்களில் சிங்கம் மாதிரி ஆடுகிறான். பெரிய ஆட்டம் என்றால் கை நடுங்குகிறது. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கைப் பற்றியும் இப்படித்தானே சொல்வார்கள்? மனஉறுதி பிறவியிலேயே வருவதா? வேறு பள்ளிக்கு மாற்றட்டுமா, மனப் பயிற்சியாளரிடம் அனுப்பட்டுமா, இல்லை என் மனைவி சொல்வதுபோல ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் படிப்பைப் பார்க்கச் சொல்லட்டுமா?” என்று கேட்கிறார். தோல்விக்குப் பிறகு பையன் வீட்டில் அதிகம் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட முழுவதும் மகனின் மனதைப் பற்றியது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது: “மூன்றாம் குவார்ட்டரில் பின்பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள், ஹெல்மெட் தரையில் மோதியது, ஆனால் உடனே எழுந்துவிட்டான்.” நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன் இந்த வரியைப் பேசியாக வேண்டும்.

முதலில் அந்தத் தலையைப் பாருங்கள்

ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு நாள் தலைவலி என்கிறீர்கள். இப்போது தூக்கம் கெட்டிருக்கிறது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறான், பாடத்தில் கவனம் நிற்கவில்லை. இதெல்லாம் தோல்வியின் வருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக்கும் இதே அறிகுறிகள்தான். நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. பெரும்பாலான கன்கஷன்களில் நினைவு தப்புவதே இல்லை. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. மூன்று இன்டர்செப்ஷன்களில் இரண்டு அந்த அடிக்குப் பிறகு வந்தவை என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் நடுக்கம் என்று பார்த்தது, அடிபட்ட மூளையின் தாமதமாகவும் இருந்திருக்கலாம்.

இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். விழுந்த விதம், தலைவலி, தூக்கம், எரிச்சல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தலைவலி திரும்ப வந்து அதிகமானாலோ, வாந்தி, பேச்சுக் குழறல், அளவுக்கு மீறிய தூக்க மயக்கம் இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

உங்களுக்கு இருக்கும் ஓர் உரிமையையும் சொல்லிவிடுகிறேன், பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. டெக்சாஸில் 2011-இல் வந்த, நடாஷா சட்டம் என்று அழைக்கப்படும் சட்டப்படி, பள்ளி விளையாட்டில் ஒரு மாணவனுக்குக் கன்கஷன் இருக்கலாம் என்று கோச்சோ டாக்டரோ மட்டுமல்ல, பெற்றோர் நினைத்தாலே போதும், அவனை உடனே ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். திரும்ப ஆட, நீங்கள் தேர்ந்தெடுத்த டாக்டர் எழுத்தில் அனுமதி தர வேண்டும், பள்ளியின் படிப்படியான திரும்பும் முறையை அவன் முடிக்க வேண்டும், நீங்களும் கையெழுத்திட வேண்டும். ‘இனி ஆடலாம்’ என்று கோச் தானாக முடிவெடுக்க முடியாது. சீசன் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பளு தூக்கும் பயிற்சியும் வசந்தகாலப் பயிற்சியும் அடுத்து வந்துவிடும்.

மேனிங்கின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

சரி, மேனிங்குக்கு வருவோம். 2013 சீசனில் டென்வர் அணிக்காக 55 டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பாஸ்கள், 5,477 கெஜம். இரண்டுமே சாதனை. அணி மொத்தம் 606 புள்ளிகள் எடுத்தது, அதுவரை யாரும் 600-ஐத் தொட்டதில்லை. அப்புறம் 2014 பிப்ரவரி 2, நியூ ஜெர்சியில் சூப்பர் பௌல், தொழில்முறைத் தொடரின் இறுதி ஆட்டம். ஆட்டத்தின் முதல் பந்து. இரைச்சலில் குரல் எட்டாததால் மேனிங் திட்டத்தை மாற்றிச் சொல்ல முன்னால் நடந்து வருகிறார். அதே நேரம், அவருக்குப் பந்தைக் கொடுக்கும் சென்டர் அதைப் பின்னால் விட்டுவிட்டார். பந்து மேனிங்கின் தலையைத் தாண்டி அவர் அணியின் கடைசி எல்லையான எண்ட் ஸோனுக்குள் ஓடியது. 12-ஆவது விநாடியில் சியாட்டிலுக்கு இரண்டு புள்ளிகள். கடைசியில் 43-8. மேனிங்குக்கு இரண்டு இன்டர்செப்ஷன், அதில் ஒன்றை சியாட்டில் வீரர் 69 கெஜம் ஓடி டச் டவுனாக்கினார். நீங்கள் நினைவில் வைத்திருப்பது இந்த இரவைத்தான்.

இரண்டு வருடம் கழித்து, 2016 பிப்ரவரியில், இதே மேனிங் இதே டென்வருக்காக சூப்பர் பௌல் ஜெயித்தார். அந்த சீசன் அவருடைய மிக மோசமான சீசன்களில் ஒன்று: 9 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன். இறுதி ஆட்டத்திலும் 23-க்கு 13 பாஸ்தான் சேர்ந்தன, 141 கெஜம், டச் டவுன் பாஸ் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 24-10 என்று வெற்றி. எதிரே இருந்தவர் கேம் நியூட்டன், அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருது பெற்றவர், வழக்கமான சீசனில் 15 வெற்றி, 1 தோல்வி. டென்வரின் தடுப்பாட்டம் அவரை ஆறு முறை சாய்த்தது. 39 வயது மேனிங்குக்கு மனஉறுதி புதிதாக முளைத்துவிட்டது, 26 வயது நியூட்டனுக்குத் திடீரென்று வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

உங்கள் மகனுக்காக நான் இதைவிட முக்கியமாக நினைக்கும் உதாரணம் கன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். 2021 பிப்ரவரியில் டாம்பாவிடம் 31-9 என்று தோற்றார். அவருடைய இரண்டு பக்கமும் காவல் நிற்க வேண்டிய முதன்மை டேக்கிள்கள் இருவரும் காயத்தால் ஆடவில்லை. எதிரணி அவரை 29 முறை நெருக்கியது, சூப்பர் பௌலில் அது சாதனை எண்ணிக்கை. நான்காம் குவார்ட்டரில் ஒரு பாஸ். மஹோம்ஸ் தரைக்கு இணையாகப் படுத்தபடி காற்றில் விழுந்துகொண்டே எறிகிறார். பந்து நேராகப் போய்ச் சக வீரரின் முகக் கம்பியில் மோதிக் கீழே விழுகிறது. கணக்கில் அது ‘சேராத பாஸ்’. மறுநாள் செய்தியில் ‘மஹோம்ஸ் தடுமாறினார்’. அந்த ஒரு எறிதலை உங்கள் மகனோடு உட்கார்ந்து பாருங்கள் என்பேன், தோல்வியில் ஒரு குவார்ட்டர்பேக் எவ்வளவு நன்றாக ஆட முடியும் என்பது தெரியும்.

அதன்பின் கன்சாஸ் சிட்டி, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைப் புதிதாகக் கட்டியது. 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் எதிரணி ஃபிலடெல்ஃபியா. அந்த வழக்கமான சீசனில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 70 முறை சாய்த்த (சாக்) அணி அது. அன்றைக்கு மஹோம்ஸை ஒருமுறைகூடச் சாய்க்க முடியவில்லை, 38-35 என்று அவர் ஜெயித்தார். இரண்டு வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே ஃபிலடெல்ஃபியா அவரை ஆறு முறை சாய்த்தது. இத்தனைக்கும் கூடுதல் ஆள் யாரையும் அனுப்பவில்லை, பிளிட்ஸ் ஒன்றுகூட இல்லை, முன்னால் நிற்கும் நான்கு பேரே வேலையை முடித்துவிட்டார்கள். மீதி ஏழு பேரும் பின்னால் நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை மறித்தார்கள். இடைவேளையில் 24-0, முடிவில் 40-22. ஒரே மனிதர், ஒரே எதிரணி, ஒரே பெரிய மேடை. மாறியது அவருக்குக் கிடைத்த நேரம்.

குவார்ட்டர்பேக்கின் வேலை இரண்டரை, மூன்று விநாடிக்குள் முடிய வேண்டிய வேலை. பந்து கைக்கு வந்ததும் முதல் ரிசீவர், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகக் கண் ஓட வேண்டும், காலடியும் அதற்கு ஏற்றபடி விழ வேண்டும். அந்த நேரத்தில் அரை விநாடி குறைந்தால் மூன்றாவது ரிசீவரைப் பார்க்கவே முடியாது. வழக்கமான சீசனில் வரும் எதிரணிகளில் பாதிக்கு அந்த அரை விநாடியைப் பறிக்கும் பலம் கிடையாது. பிளேஆஃபில் பலவீனமான அணிகள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டிருக்கும். சூப்பர் பௌலுக்கு முன் எதிரணிக்கு வழக்கமாக இரண்டு வாரம் அவகாசம், உங்கள் பழக்கம் ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் வருவார்கள். ஆகவே ‘பெரிய ஆட்டத்தில் மட்டும் மோசம்’ என்பதன் பெரும்பகுதி, ‘வலுவான எதிரணியிடம் மட்டும் மோசம்’ என்பதே. அது எல்லோருக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. கூடைப்பந்தின் என்பிஏ இறுதிச் சுற்று ஏழு ஆட்டம் வரை போகும், இங்கே ஒரே ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்துக்கு ஏழு வாய்ப்புள்ள பலமான அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கு பிளேஆஃப் ஆட்டம் ஜெயிக்க அதன் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான். மீதி மூன்று தடவையும் யாரோ ஒருவர் ‘பெரிய ஆட்டத்தில் சொதப்பிவிட்டான்’ என்று எழுதுவார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, ஓர் இறுதி ஆட்டத்தை வைத்து ஆளை எடை போட அது உதவாது. அட்லான்டாவின் குவார்ட்டர்பேக் மேட் ரயனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் உங்கள் ஹூஸ்டனில்தான் அந்த சூப்பர் பௌல். 28-3 என்று முன்னிலை வகித்த அட்லான்டா 34-28 என்று தோற்றது. ரயன் 23-க்கு 17 பாஸ், இரண்டு டச் டவுன், இன்டர்செப்ஷனே இல்லை. கூடுதல் நேரத்தில் அவர் கைக்குப் பந்தே வரவில்லை. நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி 2018 சூப்பர் பௌலில் 505 கெஜம் எறிந்தும் தோற்றார்.

அப்படியானால் மனதுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்தால் நான் என் வேலையைச் செய்யாதவனாவேன். நெருக்கடியில் திறமை முடங்குவது உண்மையான விஷயம். 1984-இல் ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார்: பழகிப் பழகித் தானாக நடக்கும் ஒரு செயலை, பதற்றத்தில் நாம் கவனித்துக் கவனித்துச் செய்யத் தொடங்குகிறோம், அங்கேதான் அது குலைகிறது. ‘முழங்கை சரியாக இருக்கிறதா, கால் சரியாக வைத்தேனா’ என்று எறியும் நொடியில் யோசித்தால் பந்து அரை நொடி தாமதமாகப் போகும். திறந்திருந்த ரிசீவரின் இடத்துக்குள் அதற்குள் தடுப்பாளர் வந்துவிடுவார்.

குவார்ட்டர்பேக்குகளிடம் இது வேறு ஒரு வடிவத்திலும் வரும். நான்கைந்து முறை பலமாக அடிவாங்கிய பிறகு, கண் தூரத்து ரிசீவரை விட்டுவிட்டுப் பாய்ந்து வருபவனைத் தேட ஆரம்பிக்கும். யாரும் நெருங்காதபோதும் நெருங்குவதுபோலத் தோன்றும். 2019-இல் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட் நியூ இங்கிலாந்துக்கு எதிராகத் திணறியபோது, “எனக்குப் பேய்கள் தெரிகின்றன” என்று ஓரத்தில் சொன்னது மைக்கில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது ஓர் ஆட்டக்காரர் தன் அனுபவத்தை மிக நேர்மையாகச் சொன்ன வாக்கியமாகவே படுகிறது. அந்தப் பேய்கள் முந்தைய அடிகளிலிருந்து வந்தவை, கோழைத்தனத்திலிருந்து அல்ல.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். சிலருக்குப் பதற்றம் இயல்பாகவே கொஞ்சம் அதிகம், அது உண்மை. ஆனால் பதற்றத்தில் ஆடுவதைப் பழக முடியும். சியான் பைலாக், தாமஸ் கார் என்ற ஆய்வாளர்கள் கோல்ஃப் ஆட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கேமரா முன்னால், ‘உங்களைக் கவனிக்கிறார்கள்’ என்ற உணர்வோடு பயிற்சி செய்தவர்கள், பிறகு நெருக்கடி வந்தபோது குலையவில்லை. ஆகவே பயிற்சியிலேயே கொஞ்சம் நெருக்கடியைக் கலக்க வேண்டும்: ஸ்பீக்கரில் இரைச்சல், ஓடும் கடிகாரம், தப்பு செய்தால் முழு அணியும் ஒரு சுற்று ஓட வேண்டும் என்ற பந்தயம். இன்னொன்று, ஆட்டத்துக்கு முன் “பதறாதே, அமைதியாக இரு” என்று சொல்வதில் பெரிய பயன் கிடையாது. துடிக்கும் இதயத்தை அடக்குவதைவிட, அந்தத் துடிப்பை ‘உற்சாகம்’ என்று எடுத்துக்கொள்வது எளிது, பலனும் அதிகம். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது.

இப்போது அந்த மூன்று இன்டர்செப்ஷன்களை நீங்களே எழுதியபடி பாருங்கள். முதலாவது, ரிசீவரின் கையில் பட்டுத் துள்ளியது. இரண்டாவது, எறியும்போதே ஒருவன் கையைத் தட்டிவிட்டான். மூன்றாவது, கடைசி இரண்டு நிமிடத்தில் 17 புள்ளி பின்தங்கியிருந்தபோது துணிந்து எறிந்தது. இதில் நடுக்கம் எங்கே இருக்கிறது? மூன்றாவதை எறியாமல் பத்திரமாக ஆடியிருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும், அணிக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

பள்ளி மாற்றம், பயிற்சியாளர், நிறுத்துதல்

பள்ளி மாற்ற யோசனையை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. டெக்சாஸில் பள்ளி விளையாட்டை நடத்தும் யுஐஎல் அமைப்பின் விதிப்படி, விளையாட்டுக்காகப் பள்ளி மாறியதாக முடிவானால் குறைந்தது ஒரு வருடம் வார்சிட்டி எனப்படும் பள்ளியின் முதன்மை அணியில் ஆட முடியாது. உங்கள் மகனுக்கு மிச்சம் இருப்பதே ஒரு சீசன்தான். முந்தைய பள்ளியும் ஒரு படிவத்தில் பதில் தர வேண்டும், அங்கே ‘விளையாட்டுக்காகத்தான்’ என்று எழுதினால் விசாரணை வரும். நல்ல முன்வரிசை உள்ள பள்ளி என்று தேடிப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு குவார்ட்டர்பேக் இருப்பான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மனப் பயிற்சியாளரிடம் அனுப்பலாம், அவன் விரும்பினால். ‘உனக்குக் குறை இருக்கிறது, சரி செய்யப் போகிறார்கள்’ என்று அனுப்பினால் பயன் கிடைக்காது. யார் வேண்டுமானாலும் ‘மைண்ட்செட் கோச்’ என்று பலகை மாட்டிக்கொள்கிற காலம் இது, ஆகவே சிஎம்பிசி என்ற விளையாட்டு மனப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவரா, பதின்வயதினருடன் வேலை செய்தவரா என்று கேளுங்கள். ‘மூன்று வாரத்தில் சாம்பியன் மனநிலை’ என்று உத்தரவாதம் தருபவரிடம் போகாதீர்கள்.

நிறுத்துவது பற்றி உங்கள் மனைவி கேட்பதை அலட்சியப்படுத்த வேண்டாம். அவர் தோல்வியைப் பார்த்துச் சொல்கிறாரா, அந்தத் தலையடியைப் பார்த்துச் சொல்கிறாரா? இரண்டாவது என்றால் அது நியாயமான கவலை, டாக்டரின் முடிவு வரும்வரை காத்திருந்து மூவரும் சேர்ந்து பேசுங்கள். முதலாவது என்றால், ஒரு தோல்விக்காக அவன் நேசிக்கும் ஒன்றைப் பறிப்பது அவனுக்குத் தண்டனையாகவே படும். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று விழுங்கும் என்ற பயமும் தேவையில்லை. பதினோராம் வகுப்பின் சீசன் முடிந்துவிட்டது, கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வுக்கு இதுவே நல்ல நேரம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

ஆட்டம் முடிந்து காரில் வரும்போது, “ஏன்டா, பெரிய மேட்ச்ல மட்டும் இப்படி ஆகுது?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் கேட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் காதில் அது கேள்வியாக விழுந்திருக்காது. ‘பெரிய ஆட்டத்தில் தோற்பவன்’ என்று அப்பாவே முத்திரை குத்தியதாகத்தான் விழுந்திருக்கும். அடுத்த பிளேஆஃபில் முதல் பந்து தவறினால் அந்த முத்திரைதான் அவன் நினைவுக்கு வரும், மேலே சொன்ன ‘தன்னையே கவனிக்கும்’ சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கும்.

சுற்றி வளைக்காமல் அவனிடம் பேசுங்கள். “அன்னைக்கு கார்ல நான் கேட்டது தப்பு. வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். உனக்கு எறியவே நேரம் கிடைக்கல” என்றால் போதும். உடனே பதில் வராது, வரவேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் தலையடியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்: அந்த நேரத்தில் தலை சுற்றியதா, வெளிச்சம் கண்ணைக் கூசியதா, அடிபட்ட பிறகு ஆடியது நினைவிருக்கிறதா என்று. ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து பையன்கள் இதை மறைப்பது மிக சாதாரணம். திட்ட மாட்டீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பேசாமை இன்னும் இரண்டு வாரம் நீடித்தாலோ, சாப்பாடும் நண்பர்களும் வேண்டாம் என்றாலோ, டாக்டரிடம் மனச்சோர்வைப் பற்றியும் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு எதுவும் வந்தால் காத்திருக்க வேண்டாம், அமெரிக்காவில் மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், நீங்களே அழைத்து ஆலோசனை கேட்கவும் செய்யலாம்.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, கோச்சிடம் நேரம் கேட்டு மகனோடு போய் உட்காருங்கள். ‘இவன் மனசை எப்படிச் சரி செய்வது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த வருடம் முன்வரிசையில் யார் யார் இருக்கிறார்கள், எதிரணி நெருக்கும்போது சீக்கிரம் எறிய எத்தனை குறுகிய பாஸ் திட்டங்கள் வைத்திருக்கிறார், இரைச்சலோடு வாரத்துக்கு ஒருநாள் பயிற்சி வைக்க முடியுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை மகனே கேட்டால் இன்னும் நல்லது. நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேச்சை அவனிடம் விட்டுவிடுங்கள்.